தகுதிச் சான்றும் சந்தேஷ் பெட்டியும்

ஊட்டச்சத்து ஆலோசகரிடம் விரும்பி வருபவர் எவருமில்லை. மருத்துவர் அனுப்பியோ மனைவி இழுத்தோதான் வருவார்கள். எடை இயந்திரத்தின்மேல் ஏறி மூச்சை இழுத்துப் பிடித்த அனுபவமுள்ள வாசகர்கள் இதை மறுக்கமாட்டார்கள். கொல்கத்தாவில் ஓர் அரசு நிறுவனத்தின் மருத்துவப் பிரிவில் நான் ஆலோசகராகச் சேர்ந்த தொண்ணூறுகளில், உடம்பு தேற வழி கேட்டு வந்தவர்களே மிகுதி. இரண்டாயிரத்துக்குப் பின் என் அறைவாசல் பெஞ்சில், நாற்பது வயதிலேயே சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கண்டவர்கள் நெருக்கியடித்து அமர்ந்தார்கள். மருந்துச் செலவும் விடுப்பும் ஏறுவதைக் கண்ட நிர்வாகம் உடல்தகுதிச் சான்றுக்கான விதிகளை இறுக்கியது.

கழிவு

அவ்விதியில் சிக்கியவர் குமரேசன், தென்காசிக்காரர், கிரேன் ஓட்டுநர். அடுத்த பரிசோதனைக்குள் எடை குறையாவிட்டால் அவரைக் கிரேனிலிருந்து இறக்கிவிடுவார்கள். இறங்கினால் கூடுதல் சம்பளம் நின்றுபோகும். மகளின் கல்லூரிப் படிப்பு அதை நம்பியே இருந்தது. அவர் பெல்ட், கைக்கடிகாரம், சாவிக்கொத்து அனைத்தையும் என் மேசைமீது வைத்துவிட்டு இயந்திரத்தில் ஏறினார். முள் நின்ற இடத்தைப் பார்த்துத் திகைத்துச் சொன்னார்: "மத்தியானச் சாப்பாடு இன்னும் உள்ளதான் இருக்கு அம்மா. அதையும் கழிச்சுக்கிடுங்க."

சோறு வேறு

இரவில் சோற்றை நிறுத்தச் சொன்னேன். ஒரு மாதம் கழித்தும் முள் அசையவில்லை. உடன் வந்திருந்த மனைவி செல்வி, இரவில் ஒரு பருக்கைகூடப் போடுவதில்லை என்று சத்தியம் செய்தார். பின் என்னதான் உண்கிறார் என்றேன். "இட்லி, தோசைதான்" என்றார். அதுவும் அரிசியே என்று நான் விளக்கியதை அவர் சற்றும் ஏற்கவில்லை. "சனிக்கிழமை விரதத்துக்கே சோத்த விட்டுட்டுப் பலகாரந்தான அம்மா சாப்பிடுதோம்? பெருமாளே ஒத்துக்கிட்டதை நீங்க ஒத்துக்கமாட்டீங்களா?"

பிமல்தா

பலகாரம் குறைந்தது, எடையும் இறங்கத் தொடங்கிற்று, பிறகு நின்றது. விசாரித்ததில், அவருடைய மேற்பார்வையாளர் பிமல்தா வெளிப்பட்டார். அவர் பிரிவில் குழந்தை பிறந்தாலும், பையன் பரீட்சையில் தேறினாலும், எவர் வீட்டிலாவது தொலைபேசி இணைப்பு வந்தாலும் சந்தேஷ் என்னும் வங்காளப் பால் இனிப்புப் பெட்டி திறக்கப்படும், மறுப்பவர் பகைவர். அவரை வரவழைத்து, குமரேசனின் கிரேன் வேலை போய்விடும் என்று கண்டிப்பாகச் சொன்னேன். அவர் தம் தொந்தியைத் தடவியபடி, என்னை அக்காவாக்கி வங்காள மொழியில் வருந்தினார்: "சரி தீதி, இனிமேல் அவன் பங்கையும் நானே தின்றுவிடுகிறேன். நண்பனுக்காக இதுகூடச் செய்யமாட்டேனா?"

சான்று

குமரேசன் பரிசோதனையில் தேறினார். கிரேன் ஏணியில் மூச்சு வாங்காமல் ஏறியதாக மருத்துவரே வியந்தார். மகள் படிப்பும் தப்பிப் பிழைத்தது. நான் மகிழ்ந்திருக்கையில் அவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார், கையில் கரியாஹாட் கடைத்தெருவில் வாங்கிய பெரிய சந்தேஷ் பெட்டி. அவர் கன்னத்தில் ஏற்கெனவே ஒன்று ஒதுங்கியிருந்தது. என் முகத்தைப் பார்த்ததும் அவசரமாக விழுங்கினார். "கோவப்படாதீங்க அம்மா. தேறினவன் இனிப்புக் குடுக்காட்டா பிமல்தா விடுவாரா? அடுத்த எடை ஒரு வருஷம் கழிச்சுத்தான?"

என் பணிக்காலம் முழுவதும் இந்த நகரத்திலிருந்து நான் இறக்கிய எடை எங்கும் போய்விடவில்லை. அட்டைப் பெட்டிகளில் ஏறி, பக்கத்து மேசைக்குத்தான் போயிற்று.