அண்ணன் பிசைந்த மாவு

அண்ணன் போய் ஓராண்டு ஆகிறது. திதிக்கு வந்து, சாப்பிட்டு, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் எல்லோருக்கும் வணக்கம். எனக்கு அலங்காரமாக எழுத வராது. அண்ணனைப் பற்றி ஒரு விஷயத்தை ஒழுங்காகச் சொல்ல வேண்டும், அதற்காகவே எழுதுகிறேன். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

அண்ணன் பிறந்தது சேவூரில். அப்பா இறந்தபோது அவருக்குப் பதினாறு வயது. காரியம் முடிந்த மறுவாரமே அப்பாவின் பட்டுத்தறியில் உட்கார்ந்தார். அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டார். எனக்குக் கல்யாணம் செய்துவைத்தார். மகளை நர்சிங் படிக்கவைத்தார். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அவர் ஐம்பது வயதில் சமையலறைக்குள் போய் 'நான்' என்கிற மைதா ரொட்டி சுட்டதும் தெரியும். ஏன் சுட்டார் என்று ஒருவரும் கேட்கவில்லை. "பொண்டாட்டிக்கு மாவு பிசைஞ்சிகினு கீறான்" என்று சிரித்ததோடு சரி.

ஒரு தை மாதக் காலையில், தறியில் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தபோது அண்ணனுக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டது. வேலூரில் பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். பேச்சு திரும்பியது. காலும் திரும்பியது. வலது கை விரல்கள் மட்டும் மூடியது மூடியபடியே நின்றுவிட்டன. மூடிய கையால் நாடாவை ஓட்டும் கயிற்றை இழுத்துவிடலாம். இழை அறுந்தால் முடிச்சுப் போட முடியாது. பட்டு இழை அறுந்துகொண்டேதான் இருக்கும்.

ஊருக்குத் திரும்பிய அன்று பஸ் ஏறும் முன் ஓர் ஓட்டலில் உட்கார்ந்தோம். வாசலிலேயே ஒரு பாய் நான் ரொட்டி போட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் டீயைத் தொடவில்லை.

"இன்னாணா, பசிக்குதா?" என்றேன்.

"பசி இல்லமா. அந்தாளு கைய பாரு. எப்டி விரியுது பாரு."

அந்த வாரமே சித்தப்பா வந்தார். ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டு, பாதி நெய்த சேலையோடு நின்றிருந்த தறியைச் சுற்றிப் பார்த்தார்.

"கை போனவன் வூட்ல தறி எதுக்குப்பா? கழட்டிட்டு ரூமை வாடகைக்கு வுடு. பேஜார் இல்லாத பொழப்பு."

"ஆடி வரைக்கும் வுடு சித்தப்பா" என்றார் அண்ணன்.

"ஆடில இன்னா, புதுக் கை மொளைக்குமா?"

அண்ணி புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுதார். அண்ணன் அழவில்லை. ஆஸ்பத்திரியில் பிடித்துப் பழகச் சொல்லிக் கொடுத்த ரப்பர் பந்தை மூலையில் எறிந்தார். "பந்தைப் பிசைஞ்சா பந்துதான் மிச்சம். மாவு வாங்கினு வாடி" என்றார் அண்ணியிடம்.

மைதா வந்தது. தண்ணீர் விட்டுப் பிசைந்ததும் மாவு அவர் கையைக் கவ்விக்கொண்டது. மூடிய விரல்களுக்குள் மாவு போய் அடைத்துக்கொண்டால் அவரால் எடுக்க முடியாது. அண்ணி எண்ணெய் தடவி ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டார். அண்ணனுக்கு அவமானமாகிவிட்டது. மறுநாளிலிருந்து தண்ணீரைக் குறைத்துக் கட்டி மாவாகப் பிசைந்தார். நீளவாக்கில் ஏற்றிய பாவு நூல் விறைப்பாக இருந்தால்தான் தறி நன்றாக ஓடும் என்று பழகிய மனிதர், மாவும் அப்படித்தான் என்று நினைத்தார். கையில் ஒட்டவில்லை. ரொட்டியைத்தான் கடிக்க முடியவில்லை.

சித்தப்பா ஒரு துண்டைக் கையில் வைத்து வளைத்துப் பார்த்தார். "இது ரொட்டியாடா, செருப்பு அட்டையா?"

"இன்னொண்ணு வெக்கட்டுமா மாமா? ஜோடியா போட்டுகினு போலாம்" என்றார் அண்ணி. அண்ணி பதில் பேசி அன்றுதான் கேட்டேன்.

அடுத்த முறை வேலூருக்கு மருந்து வாங்கப் போனபோது அந்த ஓட்டல் பாயிடமே கேட்டேன். எங்கள் ரொட்டி ஏன் இப்படிக் கல்லாகிறது என்று. அவர் சிரித்தார். "கெட்டியா பிசைவீங்கோ. ஒட்டாத மாவு மெத்துன்னு வராதும்மா. தயிர் ஊத்துங்கோ, பால் ஊத்துங்கோ, கையில ஒட்டணும். ஈரத்துணி போட்டு ரெண்டு மணி நேரம் வுட்டுடுங்கோ. ஜல்தி பண்ணாதீங்கோ."

வந்து சொன்னேன். அண்ணன் தயிர்ச் சட்டியை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். பிறகு அண்ணியைப் பார்த்து, "இனிமே நீ என் கைய தொடாத" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை யாரும் பார்க்கவில்லை, அண்ணியையும் என்னையும் தவிர. தினமும் காலையில் ஒட்டுகிற மாவில் கையை விடுவார். பிசைவார். பிறகு, கவ்விய மாவிலிருந்து விரல்களைத் தானே பிரிப்பார். பாத்திர விளிம்பில் வைத்து அழுத்தி, ஒன்று, இன்னொன்று. முதல் மாதம் கட்டை விரல் ஒன்றுதான் வந்தது. வலியில் கெட்ட வார்த்தை பேசுவார். ஒரு நாள் பாத்திரத்தைத் தள்ளிவிட்டார். தானே உட்கார்ந்து தரையைத் துடைத்துவிட்டு மறுபடி பிசைந்தார்.

சுடுவதிலும் தடுமாறினோம். ரொட்டியின் ஒரு பக்கம் தண்ணீர் தடவித் தோசைக்கல்லில் ஒட்டவைத்து, கல்லையே கவிழ்த்துத் தீயில் காட்ட வேண்டும். நாங்கள் ஒட்டாத நான்ஸ்டிக் கல்லைக் கவிழ்த்தோம். ரொட்டி அடுப்பில் விழுந்தது. பக்கத்து வீட்டு டீச்சரம்மா கைப்பிடி வைத்த இரும்புக் கல் கொடுத்தார்.

விரல் விரிய விரிய ரொட்டி மெத்தென்று ஆனது. டாக்டர் என்ன எழுதினாரோ, எங்களுக்கு ரொட்டியைத் தொட்டாலே கை எவ்வளவு தேறியிருக்கிறது என்று தெரியும்.

அண்ணன் கேட்ட தவணை முடிந்து, ஆடி பிறந்த மறுநாள் சித்தப்பா வந்தார். கூடவே ஸ்பேனரோடு இரண்டு ஆட்கள். அண்ணன் மூன்று பேருக்கும் சூடாக ரொட்டி வைத்தார். சித்தப்பாவுக்கு முன்பல் இரண்டும் கிடையாது. இரண்டு ரொட்டியைச் சத்தமில்லாமல் சாப்பிட்டு முடித்தார்.

"நல்லாதான் கீது. அதுக்கும் தறிக்கும் இன்னா சம்பந்தம்?"

அண்ணன் கையைக் கழுவிக்கொண்டு போய்த் தறியில் உட்கார்ந்தார். அறுந்து தொங்கிய ஓர் இழையை எடுத்தார். முதல் தடவை நழுவியது. இரண்டாம் தடவையும் நழுவியது. ஸ்பேனர் வைத்திருந்தவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். மூன்றாம் தடவை முடிச்சு விழுந்தது. அண்ணன் இழுத்துப் பார்த்தார். நின்றது.

"எழுந்துரு சித்தப்பா, வேலை கீது" என்றார்.

அதற்குப் பிறகு நான்கு ஆண்டுகள் நெய்தார். மற்றவர்களைவிட இரண்டு மடங்கு நாள் எடுக்கும். ஆனால் நெய்தார். போன வருடம் ஒரு மதியம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள்: நான் பெயர்கூடக் கேட்காமல் வந்துவிட்ட அந்த ஓட்டல் பாய். இரும்புக் கல்லைத் திருப்பிக் கேட்காத டீச்சரம்மா. சாப்பிட்டுவிட்டு ஒரு போல்ட்டைக்கூடத் தொடாமல் போன அந்த இரண்டு ஆட்கள். காரியத்தன்று பந்தல் போட்டு, கடைசிவரை நின்ற தெருப் பிள்ளைகள்.

பதினாறாம் நாள் முடிந்ததும் மறுபடி அதே பேச்சு வந்தது. ஆண் இல்லாத வீட்டில் தறி எதற்கு, கழற்றிவிடலாம் என்று. யார் சொன்னது என்று எழுதவில்லை. சொன்னவருக்குத் தெரியும். அண்ணன் விட்டுப்போன சேலையை அண்ணிதான் நெய்து முடித்தார். இப்போது அடுத்த பாவு ஏறியிருக்கிறது. தறியைப் பற்றிப் பேச இனி யாராவது வருவதென்றால் வாருங்கள். ஆனால் அண்ணி எழுந்து வரமாட்டார். அவருக்கு வேலை இருக்கிறது.