அக்கா உழவிடாத மலைச்சரிவு

எங்கள் அன்பு அக்கா கர்த்தருக்குள் இளைப்பாறி ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர், நண்பர் அனைவருக்கும் தம்பியின் வணக்கம்.

அக்கா பிறந்தது தென்னேரியில். பெற்றோர் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். எங்களுக்கென்று ஒரு சாண் மண் கிடையாது. அப்படியிருந்தும் அக்கா வேளாண்மைப் பட்டயம் முடித்து, மலையில் ஒரு மாட்டுப் பண்ணையில் பணிக்குச் சேர்ந்தார். அங்கே சரிவில் புல்லும் பயறுவகைத் தீவனமும் கலந்து விதைத்திருந்தார்கள். ஆண்டுதோறும் ஒரே தேதியில், அளந்த கட்டங்களில் அறுத்து, உலர்த்தி, எடை போடுவது அக்காவின் வேலை. விதைத்த புல் எத்தனை ஆண்டு தாங்கும் என்று அறியவே இந்த ஏற்பாடு.

சில ஆண்டுகளில் எடை குறைந்தது. உழுது மறுபடி விதைக்கலாம் என்றார் மேலாளர். அக்கா விடவில்லை.

"சரிவுல ஏர் வெச்சா ஒரு மழைல மண்ணு மொத்தமும் கீழ வந்துடும் சார். மாட்ட கொஞ்ச நாள் தள்ளி வெச்சு, பயறு விதைய மட்டும் தூவுவோம். புல்லு தானா எழுந்துக்கும்."

மேலாளர் அவகாசம் தந்தார். ஆனால் அறுப்பு ஒரு தேதி தவறினாலும் உழவுதான் என்று சொல்லிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து விடுமுறைக்குப் போன நான், பசியில் கத்திய மாடுகளைக் கண்டு மனம் இளகி, சரிவைச் சுற்றியிருந்த வேலியைத் திறந்துவிட்டேன். எனக்கு எங்கே போனது புத்தி! அறுப்புக்கு முதல் நாள் பாதிக் கட்டங்கள் மொட்டை.

"இன்னாடா பண்ணி வெச்சிருக்கே! என் பொழப்புல மண்ண போட்டியேடா!" என்று அக்கா அழுதார்.

போன வருட எடையையே எழுதிவிடச் சொன்னார்கள் உடன் வேலை செய்தவர்கள். அக்கா மறுத்தார். மிஞ்சியதைக் குறித்த தேதியில் அறுத்து, தம்பி மாடுகளை விட்டதையும் எழுதிக் கையெழுத்திட்டார். மேலாளர் திட்டித் தீர்த்தார். ஆனால் சரிவை உழவில்லை. மறு ஆண்டு, "எழுந்துக்கிச்சுடா!" என்று அக்கா போனில் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

கடைசி நாட்களில் காஞ்சிபுரத்தில் என் வீட்டில் படுக்கையில் கிடந்தபோதும், "யாருக்கு இன்னா ஆனாலும் தேதிய மட்டும் தள்ளிடாதீங்கப்பா" என்று பண்ணைத் தோழர்களிடம் போனில் கெஞ்சினார்.

வேளை தவறாமல் கஞ்சி கொண்டுவந்த சின்ன காஞ்சிபுரத்து நெசவாளர் வீட்டாருக்கும், ரத்தம் கொடுத்த ஏனாத்தூர் மாணவர்களுக்கும், உடனிருந்து ஜெபித்த சபையாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அக்காவின் அடக்கத்துக்குப் பண்ணைத் தோழர்கள் ஒருவர்கூட வரவில்லை. அன்று அறுப்பு நாள். வராதிருந்த அவர்களை நான் கைகூப்பி வணங்குகிறேன்.