மாப்பிள்ளைக்குச் செடி வைத்தவள்

என் தங்கைக்குப் பதினொரு மாடிக் கட்டடம் ஒன்றில் வேலை. நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை இல்லை. அங்குள்ள அலுவலகங்களில் மூலைக்கு மூலை வைத்திருக்கும் தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் விட வேண்டும், பழுத்த இலையைக் கிள்ள வேண்டும், வாடியதை எடுத்துவிட்டு வேறு வைக்க வேண்டும். செடிகளை வாடகைக்கு விடும் ஒரு கம்பெனியின் ஆள் அவள். மொத்தம் இருநூற்றுப் பதினாறு தொட்டி. எந்தத் தொட்டிக்கு எத்தனை மணி வெயில் படும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். பச்சைச் சட்டை போடுவதால் அங்கே எல்லோருக்கும் அவள் 'பச்சை'.

பன்னிரண்டு வருஷம் அடுத்தவர் கம்பெனிக்கு உழைத்தவளுக்கு ஓர் ஆசை வந்தது. அடுத்த ஒப்பந்தத்தைத் தன் பேரிலேயே எடுக்க வேண்டும். அவள் முதலாளி அந்தக் கட்டடத்துக்குள் கால் வைத்தே நாலு வருஷம் ஆகியிருந்தது. ஒப்பந்தத்தை முடிவு செய்வது கட்டடச் சங்கம். சங்கத் தலைவர் மூன்றாம் மாடிப் பல் டாக்டர். அவரிடம் தயங்கித் தயங்கிப் போய்க் கேட்டாள். அவர் முடியாது என்று சொல்லவில்லை. ஒரு பரீட்சை வைத்தார்.

அவருடைய கிளினிக்கில், பல்வலிக்காரர்கள் காத்திருக்கும் அறையில், ஆறடி நீளக் கண்ணாடிப் பெட்டி ஒன்று இருக்கிறது. உள்ளே ஒரு பியர்டட் டிராகன். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஓணான் ஜாதிதான். ஒரு முழ நீளம், கழுத்தைச் சுற்றி முள்முள்ளாகத் தாடி. கிளினிக் பெண்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் மாப்பிள்ளை. வேளாவேளைக்குக் கீரையை நறுக்கி முன்னால் வைக்க வேண்டும். விளக்குச் சூடு கொஞ்சம் குறைந்தாலும் தாடியைக் கறுப்பாக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

பெட்டிக்குள் அதுவரை இருந்தவை பிளாஸ்டிக் செடிகள். மாப்பிள்ளை ஒருநாள் பிளாஸ்டிக் இலை ஒன்றைக் கடித்து விழுங்கி, டாக்டருக்கு நாலு நாள் சோறு இறங்காமல் செய்துவிட்டது. அதனால் உயிருள்ள செடி வேண்டும், அதைத் தின்றாலும் மாப்பிள்ளைக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்றார். இரண்டு மாதம் கழித்துச் சங்கத்து ஆட்கள் வந்து பார்ப்பார்கள், சரியாக இருந்தால் ஒப்பந்தத்துக்கு அவரே கைதூக்குவார். இதுதான் பரீட்சை.

வேறு யாராவது என்றால் மறுநாளே நாலு தொட்டியைக் கொண்டுபோய் இறக்கியிருப்பார்கள். என் தங்கை முப்பத்தொரு இலைகளைப் பறித்து, முப்பத்தொரு உறையில் போட்டு, மேலே எண் எழுதிக்கொண்டு, பறவைகளையும் பாம்புகளையும் பார்க்கிற ஒரு மிருக டாக்டரிடம் போனாள். கூட நானும் போனேன். அங்கே கிளிக்கூண்டோடும் ஆமையோடும் வந்தவர்களுக்கு நடுவே நாங்கள் இரண்டு பேரும் தழைக் கட்டோடு உட்கார்ந்திருந்தோம். எங்கள் முறை வந்ததும் டாக்டர் எட்டிப் பார்த்து, நோயாளி எங்கே என்று கேட்டார்.

விஷயத்தைச் சொன்னதும் பொறுமையாகத்தான் பார்த்தார். மணி பிளான்ட் வாயையும் தொண்டையையும் அரிக்கும், கூடாது. அரளி, பேச்சே வேண்டாம். குரோட்டன்ஸ், கூடாது. கிள்ளினால் பால் வடிகிற கள்ளி வகை ஒன்றுகூட ஆகாது. சோற்றுக்கற்றாழையின் மஞ்சள் சாறு வயிற்றைக் கலக்கும் என்பதால் அதுவும் போயிற்று. கடைசியில் மிஞ்சியவை நாலு: செம்பருத்தி, புல் மாதிரி நீள இலை விடும் ஸ்பைடர் பிளான்ட், முள் இல்லாத சப்பாத்திக்கள்ளி, பார்க்கக் குட்டிக் கற்றாழை போல உள்ளங்கை அளவே இருக்கும் ஹாவொர்த்தியா. செடியைவிட மருந்துதான் ஆபத்து என்றும் சொன்னார். நர்சரிக்காரர்கள் பூச்சிமருந்து அடித்திருப்பார்கள். மண்ணில் உருண்டை உரமும் வெள்ளை நுரைக்கல்லும் கலந்திருக்கும், அதையும் அது பொறுக்கித் தின்னும். வேரைக் கழுவிப் புது மண்ணில் நட்டு, இலைகளை அடிக்கடி அலசி, ஆறு வாரம் தனியாக வைத்திருந்து பிறகு உள்ளே வைக்கச் சொன்னார்.

ஆறு வாரமும் செடிகள் எங்கள் வீட்டில் இருந்தன, சாப்பாட்டு மேசையில். வெயில் அங்கேதான் சரியாக விழும் என்று அளந்து சொல்லிவிட்டாள். என் வீட்டுக்காரர் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு ஜன்னல் ஓரம் நின்று சாப்பிட்டார். முதல் வாரம் முணுமுணுத்தார். மூன்றாவது வாரம் செம்பருத்தியிடம், "கொஞ்சம் நகருங்க" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்ச் சொம்பை எடுத்தார்.

அடுத்து அவளுக்கு வேறொரு சந்தேகம் வந்தது. விஷம் இல்லாத செடிதான், ஆனால் மாப்பிள்ளை மேலே ஏறினால் தாங்குமா? மாப்பிள்ளையின் எடை நானூற்றுப் பத்து கிராம். நான் திரைச்சீலை தைப்பவள். வெட்டிப்போட்ட துணியில் ஒரு ஓணான் தைத்துத் தரச் சொன்னாள். கிளினிக்குக்குப் போய் நாடாவை வைத்து அளவெடுத்தேன். மூக்கிலிருந்து வால் நுனி வரை நாற்பத்தேழு சென்டிமீட்டர், இடுப்புச் சுற்றளவு இருபத்திரண்டு. அளவெடுக்கும்போது அது என்னைப் பார்த்த பார்வையில், தையல்காரி சரியில்லை என்று இருந்தது. பூப்போட்ட துணியில் தைத்து, மணல் அடைத்து, தராசில் நிறுத்து நானூற்றுப் பத்துக்குக் கொண்டுவந்தேன். தினமும் காலையில் தங்கை அதைச் செடிகள் மேல் ஏற்றி இறக்குவாள். பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, வீட்டில் எல்லோருக்கும் உடம்பு நல்லாத்தானே இருக்கு என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள். நல்லாத்தான் இருக்கு, சப்பாத்திக்கள்ளிதான் கொஞ்சம் சாயுது என்றேன்.

சாய்ந்ததற்குக் கல் முட்டுக் கொடுத்தாள். நாற்பத்திரண்டு நாள் முடிந்தது.

குறித்த நாளில் நானும் கூடப் போய்த் தொட்டிகளைச் சுமந்தேன். மாப்பிள்ளையை ஒரு கூடையில் போட்டு ஓரமாக வைத்துவிட்டு, ஒன்றரை மணி நேரத்தில் பெட்டியை முடித்தாள். விளக்குக்கு நேர் கீழே வெறும் பாறை, அங்கே ஈரம் தங்கக் கூடாது என்பதால் செடிகள் மறுகோடியில். மாப்பிள்ளையை உள்ளே விட்டு விளக்கைப் போட்டாள். என் தங்கை என்பதற்காகச் சொல்லவில்லை, வாய் வீங்கி வந்திருந்தவர்கள்கூட வலியை மறந்து எழுந்துவந்து பார்த்தார்கள். இலைகள் அப்படி மின்னின.

அவள் முகம் மட்டும் மாறிவிட்டது.

"அக்கா, காலைல நான் இலையெல்லாம் துடைச்சேனா?"

"துடைச்சியே. அந்தச் சின்ன பாட்டில்ல இருந்து ஸ்பிரே அடிச்சு, ஒவ்வொரு இலையா. நான்தான் பார்த்தேனே."

பன்னிரண்டு வருஷப் பழக்கம். எந்த அலுவலகத்துக்குச் செடி கொண்டுபோனாலும் பளபளப்பு எண்ணெய் அடித்துத் துடைக்காமல் அவள் தொட்டியைக் கீழே வைத்ததில்லை. நாற்பத்திரண்டு நாள் மருந்தைக் கழுவிவிட்டு, கிளம்புகிற அவசரத்தில் அவளுக்கே தெரியாமல் கை அந்த வேலையைச் செய்துவிட்டிருந்தது. நானும் பக்கத்தில் நின்று, அழகா இருக்குடி என்று சொல்லியிருந்தேன்.

அப்போது மணி பதினொன்றடிக்க இருபது நிமிஷம். பதினொன்றுக்குச் சங்கத்து ஆட்கள். பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவர்கள் பார்த்துவிட்டுப் போன பிறகு கழுவிக்கொள்ளலாம் என்று நான்தான் அவள் காதில் சொன்னேன். அதற்குள் மாப்பிள்ளை நடந்துபோய்ச் செம்பருத்தி இலை ஒன்றைக் கடித்துவிட்டது.

அவள் கண்ணாடிக் கதவைத் திறந்து, இரண்டு கையையும் உள்ளே விட்டுச் செடிகளைப் பிடுங்க ஆரம்பித்தாள். மண் வரவேற்பு மேசை வரை சிதறியது. டாக்டர் சத்தம் கேட்டு உள்ளேயிருந்து ஓடிவந்தார். இலையில் எண்ணெய் இருக்கிறது, அதன் வாயிலிருந்து எடுங்கள் என்றாள்.

டாக்டர் இரண்டடி பின்னால் போனார். "நான் மனுஷப் பல்லுதாம்மா பார்க்கறேன்."

அவரே அப்படிச் சொன்ன பிறகு யார் முன்வருவார்கள்? தங்கைதான் விரலைக் கொடுத்தாள். இலை வெளியே வந்தது. மாப்பிள்ளை இலையை விட்டுவிட்டு விரலைப் பிடித்துக்கொண்டது. உதறினால் அதற்கு அடிபடும் என்று இடது கையால் அதன் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, அசையாமல் நின்றாள். பஞ்சு அடைத்த வாயோடு இருந்த ஒரு பெரியவர் கைகளை ஆட்டி ஆட்டி ஏதோ யோசனை சொன்னார். ஒரு வார்த்தைகூட யாருக்கும் புரியவில்லை.

இந்த நேரத்தில் லிஃப்ட் திறந்தது. சங்கத்து ஆட்கள் ஐந்து பேர். காலிப் பெட்டி, தரையெல்லாம் மண், நடுவில் விரலைக் கவ்விய ஓணானை ஏந்தியபடி ஒரு பெண்.

செயலாளர் சுற்றிலும் பார்த்துவிட்டு, "இதுதான் அந்தச் செடி வேலையா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. அது அரை மணி முன்னாடி முடிஞ்சுது. நான்தான் கலைச்சேன். தப்பு என்னோடது. இன்னும் ஆறு வாரம் குடுங்க, வேற செடி தயார் பண்றேன்."

கேட்டதற்குப் பதில் சொல்லாமல் போய்விட்டார்கள். அதன் பிறகுதான் மாப்பிள்ளை விரலை விட்டது. அன்று சாயங்காலமே அடுத்த நாலு செடியின் வேரைக் கழுவினாள். என் வீட்டுக்காரர் தட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார்.

இடையில் பெட்டி வேலை கெட்டுப்போன செய்தி அவள் முதலாளிக்குப் போய், அவரே நேரில் வந்தாராம். ஆறு வாரமெல்லாம் எதற்கு, மத்தியானத்துக்குள் பெட்டியைக் காடாக்கிக் காட்டுகிறேன் என்று டாக்டரிடம் சொல்லியிருக்கிறார். தின்றால் என்ன ஆகும் என்று டாக்டர் கேட்டதற்கு, ஓணான் காட்டில் கேட்டுக்கொண்டா தின்கிறது என்றாராம். டாக்டர் அன்றைக்குத்தான் செயலாளரைக் கூப்பிட்டு, தங்கை கேட்ட ஆறு வாரத்தைக் கொடுக்கலாம் என்று பேசியிருக்கிறார்.

ஆறு வாரம் கழித்து, பளபளப்பே இல்லாத செடிகளோடு மறுபடி போனோம். இந்தத் தடவை ஐந்து பேரும் முன்னாலேயே வந்து நின்றார்கள். மாப்பிள்ளை இறங்கி நடந்தது. முதலில் செம்பருத்தி. பிறகு ஸ்பைடர் பிளான்ட், ஒவ்வொரு இலையாக. ஹாவொர்த்தியாவைக் குதறியது. கள்ளியில் ஒரு பக்கம். பெட்டி பாதிக்கு மேல் காலியானதும் பாறைமேல் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டது. மறுநாள், அதற்கு மறுநாள், ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாள் மிருக டாக்டர் போனில் விவரம் கேட்டுவிட்டு, பசி நன்றாக இருக்கிறது என்றார்.

அன்றைக்கே ஒப்பந்தக் கடிதம் வந்தது. பதினொரு மாடியும், மாப்பிள்ளையும். பெட்டிக்குப் பத்து நாளைக்கு ஒரு தடவை புதுச் செடி வைக்க வேண்டும் என்று தனியாக ஒரு வரி இருந்தது. கணக்குப் பார்த்தால் எங்கள் சாப்பாட்டு மேசை இனி எப்போதும் எங்களுக்கு இல்லை.

கடிதத்தை என்னிடம் இரண்டு தடவை படித்துக் காட்டிவிட்டு முதலாளிக்குப் போன் செய்தாள். நாளையிலிருந்து வரவில்லை என்றாள். அவர் கத்தியது எனக்கே கேட்டது. தன் ஆள் தன் கட்டடத்தையே எடுத்துக்கொண்டதில் ஆத்திரம்.

"எங்கிட்ட இருந்து எத்தனை செடிய எடுத்துட்டுப் போய் அங்க வச்சே? அத மட்டும் சொல்லு."

"உங்க செடி ஒண்ணுகூட இல்லீங்க. எல்லாம் எங்க அக்கா வீட்டுச் செடி. வந்து பாக்கணும்னாலும் இப்ப முடியாது, சாப்பிட்டாச்சு."