முந்தி எந்தப் பக்கம்?

1. கோடு போட்ட நோட்டு

பாயிண்ட்ஸ்மேன் உத்தரவை வாங்கிக்கொண்டு விருதுநகரிலிருந்து காஞ்சிபுரத்தில் வந்து இறங்கிய அன்றே நான் செய்த முதல் காரியம், ஸ்டேஷனை ஒரு நோட்டில் வரைந்து வைத்ததுதான். தண்டவாளத்தைத் தடம் மாற்றிவிட்டு, கொடி காட்டுகிற அந்த வேலைக்குப் பெண்ணென்றாலும் பெயர் பாயிண்ட்ஸ்மேன்தான். அதைக் கேட்டுக் கேட்டு ஜனங்களுக்கு அலுக்கவில்லை, எனக்குத்தான் அலுத்துவிட்டது. ஊரில் இரண்டு ஸ்டேஷன் உண்டு. எது என்று சொல்லப்போவதில்லை. தப்பு என்னுடையது, ஸ்டேஷனுடையது இல்லை.

ஒற்றைத் தடம், வண்டிகள் ஒன்றுக்கொன்று வழிவிட ஒரு லூப் லைன். நடுவில் கட்டடமும் டிக்கெட் கவுன்ட்டரும். ஒரு கோடியில் லெவல் கிராசிங் கேட், அதன் அருகே ஒரு வேப்பமரம். பிளாட்பாரம் கரி வண்டிக் காலத்தது. மின்சார வண்டி வந்த பிறகும் அது உயரவில்லை, வண்டியின் படி இடுப்பு உயரத்துக்கு நிற்கும். பாயிண்ட் நம்பர், சிக்னல் நம்பர் எல்லாம் மூன்று நாளில் எனக்கு மனப்பாடம். இந்த ஸ்டேஷனில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று அம்மாவிடம் போனில் பீற்றிக்கொண்டேன்.

2. நான்காம் நாள்

காலையில் செங்கல்பட்டு வண்டி வரும் நேரம். ஸ்டேஷன் மாஸ்டர் சிக்னல் பேனலிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"முந்தியில சரோஜாம்மா உக்காந்துக்கினு இருப்பாங்க. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ்க்குப் போறவங்க, கால் வீங்கியிருக்கும். ஸ்டூலை எடுத்துக்கினு போ. அவங்க ஏறினப்புறம்தான் பச்சைக் கொடி."

மர ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வண்டியின் முன்பெட்டி நிற்கும் இடத்துக்கு ஓடினேன். வண்டி வந்து நின்றது. கால் வீங்கிய அம்மா யாரும் அங்கே இல்லை. இன்றைக்கு வரவில்லை போலிருக்கிறது என்று நானே முடிவுகட்டிக் கொடியைக் காட்டினேன். வண்டி கிளம்பியது.

கடைசிப் பெட்டி என்னைத் தாண்டிய பிறகு பார்த்தால், மறுகோடியில், வேப்பமரத்தடியில், ஐம்பது வயது அம்மா ஒருவர் மஞ்சப்பையோடு எழுந்து நின்றுகொண்டிருந்தார். அடுத்த வண்டி இரண்டு மணி நேரம் கழித்துத்தான். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் அவருக்கு மெஷின் நேரம் ஒன்பது மணி.

மாஸ்டரிடம் ஓடினேன். விஷயத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"முந்தின்னா முன்னாடியா? முந்திரிக்கொட்டை மாதிரி ஓடியிருக்கியேம்மா!"

திட்டிக்கொண்டே போனை எடுத்தார். அந்த வண்டிக்கு அடுத்த ஸ்டேஷனில் கிராசிங். எதிர்வண்டி வந்தால்தான் அங்கிருந்து விடுவார்கள்.

"எதிர்வண்டி லேட்டு. உனக்கு நல்ல நேரம். கேட்டாண்ட ஆட்டோ நிக்குது, நீயே கூட்டிக்கினு போ. இங்க நான் பாத்துக்கறேன். ஸ்டூலை மறந்துடாத."

ஆட்டோவில் சரோஜாம்மா என் பக்கத்தில், ஸ்டூல் என் மடியில். அவர் நிதானமாக இருந்தார்.

"ஸ்டூலோட நீ அந்தாண்ட ஓடறத பாத்தேன். வேற யாருக்கோன்னு நெனச்சிக்கினேன். அப்புறம் கை ஆட்டினேன், நீ திரும்பவே இல்ல. கார்டு, நான் யாரையோ வழியனுப்ப வந்தவன்னு நெனச்சிட்டாரு போல."

"முந்தின்னு சொன்னாருக்கா. முந்திப் போறது முன்பெட்டின்னு நினைச்சேன்."

அவர் சிரித்துவிட்டார். திருப்பருத்திக்குன்றத்தில் அவர் வீட்டில் இரண்டு தறி. இங்கே வண்டி ஏறுகிறவர்களில் பாதிப்பேர் நெசவுக் குடும்பம், பிளாட்பாரமும் அவர்களுக்கு ஒரு புடவைதான்.

"விளிம்புல வெள்ளைக்கோடு இருக்குதில்ல, அது கரை. கட்டடத்துக்கு எதிர்ல உடல். கேட்டாண்ட, வேப்பமரத்துப் பக்கம் முந்தி. நீ புடவை கட்டினா முந்தி எங்கம்மா தொங்குது, முன்னாடியா?"

அதுவரை எனக்கு அது முந்தானை. முந்தி என்று யாரும் எங்கள் வீட்டில் சொன்னதில்லை.

அடுத்த ஸ்டேஷனில் வண்டி நின்றுகொண்டிருந்தது. எதிர்வண்டி ஹார்ன் அடித்துக்கொண்டு உள்ளே நுழையும்போது ஸ்டூலைப் போட்டு, தோளைக் கொடுத்து அவரை ஏற்றிவிட்டேன். ஒன்பதுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாக மாஸ்டருக்குப் போன் வந்த பிறகுதான் எனக்குத் தண்ணீர் இறங்கியது.

3. நோட்டில் சேர்த்தது

அன்று சாயங்காலம் நோட்டை எடுத்து, என் படத்தில் கரை, உடல், முந்தி என்று எழுதினேன். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: லேஅவுட் படத்தைப் படியுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அந்த இடத்தை ஊர்க்காரர்கள் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள். புரிந்துவிட்டது போலிருந்தாலும் வெட்கப்படாமல் இன்னொரு தடவை கேளுங்கள். எனக்கு அன்றைக்கு அந்த ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை.

பிளாட்பாரத்தை இப்போது உயர்த்திவிட்டார்கள். படியும் தரையும் சமம். உயர்த்தும் வேலை முடிந்து வந்த முதல் செவ்வாய்க்கிழமை, பழக்கத்தில் ஸ்டூலோடு முந்திக்குப் போனேன். சரோஜாம்மா தரையைக் காலால் தட்டிப் பார்த்தார். ஸ்டூலைப் பார்த்தார்.

"இது இனிமே வேணாம்மா," என்றார். "நீ மட்டும் வந்து நில்லு."

செவ்வாயும் வெள்ளியும் போய் நிற்கிறேன்.