மூன்று சுற்று சுற்றிய பூனை

பூனை பால் நக்கும் சத்தம் கேட்டால் இன்றைக்கும் எனக்கு மதியம் இரண்டரை மணி ஆகிவிடும். நேற்று என் மகள் பொன்னி எங்கிருந்தோ ஒரு குட்டியைத் தூக்கிவந்து கிண்ணத்தில் பால் வைத்தாள். நான் எழுந்துபோய் வாசற்கதவைத் தாழிட்டேன். கல்யாண வயதில் நிற்பவள், சிரிக்கிறாள். அவளுக்கு நினைவில்லை, அப்போது நான்கு வயது.

வெள்ளைக்காரன் காலம். என் கணவருக்கு மலைமேல் செம்மேட்டில் வாத்தியார் வேலை. வீட்டுச் சொந்தக்காரர் தன் சாமையை எங்கள் வீட்டுக் குதிரிலேயே கொட்டி வைத்திருந்தார். எலிகளும் எங்களோடு குடியிருந்தன. ஆதிகாலத்தில் தானியக் கிடங்கு எலியைத் தேடிக் காட்டுப்பூனை தானாகவே ஊருக்குள் வந்ததாம். வீட்டுப்பூனை உண்டானதே அப்படித்தானாம். எங்கோ படித்ததை நம்பிக் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மிளகு கொண்டுவரும் செல்லாயியிடம் ஒரு பூனையை விலைக்குக் கேட்டேன்.

"பூனைய விக்க மாட்டோமுங்க, வாத்தியாரம்மா. சும்மாவே கொண்டு போங்க. ஆனா சாக்குல போட்டு, ஓடையத் தாண்டறப்ப மூணு சுத்து சுத்தோணும். அப்பத்தான் வழி மறக்கும்."

என் கணவர் எதையும் சிரத்தையாகச் செய்கிறவர். சுற்றியதில் தலை கிறுகிறுத்து அவர்தான் வழி தவறினார். வீடு வந்ததும் பூனை சாக்கிலிருந்து நிதானமாக இறங்கி அடுப்படியில் உட்கார்ந்தது. சாம்பல் நிறம், வாலில் காட்டுப்பூனைக்குப் போலக் கருவளையம். பொன்னி அந்த வாலின் பின்னாலேயே திரிந்தாள்.

ஒருநாள் மதியம் பால் வைத்துவிட்டுக் கொல்லையில் துணி எடுக்கப் போனேன். திரும்பி வந்தபோது நக்கும் சத்தம் நின்றிருந்தது. கிண்ணம் இருந்தது. பூனை இல்லை, குழந்தையும் இல்லை.

கிணற்றைப் பார்த்தோம். பள்ளிக்கூடமே கலைந்து காட்டுக்குள் ஓடியது. பலா பழுக்கிற காலம், கரடி இறங்கும். கூப்பிட்டுக் கூப்பிட்டு என் குரல் போய்விட்டது. செல்லாயி ஊர்ப் பக்கம் தேட மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. மூன்று சுற்றில் பூனை வழி மறந்திருக்கும் என்று அத்தனை உறுதியாக நம்பினோம்.

செல்லாயி ஊருக்குப் போகும் அந்த ஒற்றையடிப் பாதை இப்போது தார் ரோடு. குதிர் போய்விட்டது, எலி மருந்து கடையில் கிடைக்கிறது. எனக்குள் மட்டும் பாதை அப்படியே கிடக்கிறது.

அன்று வெயில் இறங்கும்போது செல்லாயி வந்தாள். இடுப்பில் பொன்னி, வாயெல்லாம் பலாச்சுளை. பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டேன். செல்லாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"நான் குடுத்தது எங்கூட்டுக்கே வந்துருச்சுங்க. நீங்க குடுக்காததையும் கூட்டியாந்துருச்சு. பூன அங்கயே கெடக்கட்டும், சாமி. இத நீங்க வெச்சுக்கங்க."