செவ்வாய்க்கிழமைத் தாள்

காலை பத்து இருபதுக்குச் செய்தி வந்தபோது கனகசபாபதி புரோக்கர் ஆபீஸில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கம்ப்யூட்டர் திரையில் ஓடும் சிவப்புக் கோடும் நீலக் கோடும் ஒன்றன்மேல் ஒன்று விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். விருதுநகர் பஸ் ஆமத்தூரைத் தாண்டும்போது மச்சினன் ஊர்க்காவலன் சீட்டிலேயே சாய்ந்துவிட்டானாம். செல்போனைப் பைக்குள் வைத்த பிறகும் அவர் மூடிய கண்ணைத் திறக்கவில்லை.

அந்த ஒற்றைக்கண் பார்வை தொழில் கொடுத்தது. சிவகாசியில் முப்பது வருடமாக அச்சகம் நடத்துகிறார். நான்கு நிறமும் இம்மி பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று விழுவதற்கு அச்சகத்தில் ரெஜிஸ்டர் என்று பெயர். அது விலகினால் சாமி படத்துக்கு நான்கு உதடு வந்துவிடும். லென்ஸ் வைத்துப் பார்த்துப் பழகியவர், கல்யாண வீட்டுக் கோலத்தைக்கூட ஒரு கண்ணை மூடித்தான் பார்ப்பார். பந்தியில் பக்கத்து இலை கோணலாகக் கிடந்தால் நேர்ப்படுத்திவிட்டுத்தான் கை நனைப்பார். நேர்ப்படுத்தும் சாக்கில் அந்த இலைக்காரர் முகத்தையும் ஒரு கண்ணால் பார்ப்பதுண்டு.

ஆப்பிரிக்காவுக்கு நோட்டுப் புத்தக அட்டை அனுப்பிய வகையில் அவருக்கு டாலரில் பணம் வரும். பணம் வருவதற்குள் டாலர் இறங்கிவிட்டால் நட்டம். அதற்குக் காப்பாக, டாலரை இன்றைய விலைக்கே முன்கூட்டி விற்று வைக்கலாம் என்று 2008 கடைசியில் புரோக்கர் ஆபீஸ் செல்லப்பாண்டி சொல்லிக்கொடுத்தார். ஊர்க்காவலனும் பாதிப் பணம் போட்டுக் கூட்டுச் சேர்ந்தான். பிறகு சரக்குப் போகாத மாதத்திலும் விற்கப் பழகிவிட்டார்கள். டாலர் இறங்கினால் லாபம், ஏறினால் கைப்பணம் கரையும்.

திரையைப் படித்தவன் ஊர்க்காவலன்தான். சிவப்புக் கோடு சில நாள் விலையின் சராசரி, நீலக் கோடு பல நாள் விலையின் சராசரி. இரண்டும் சேர்ந்து ஒன்றையொன்று வெட்டும்போதுதான் போக்கு மாறும். கனகசபாபதிக்கோ கோடுகள் சேர்ந்தால் மனசு குளிர்ந்துவிடும். ரெஜிஸ்டர் உட்கார்ந்துவிட்டது என்று டீ சொல்லிவிடுவார்.

"நீங்க சாமி படம் அடிக்கிற கண்ணால பாக்கீக அத்தான்" என்பான் ஊர்க்காவலன். "கோடு சேருறது, மருந்துல திரி சேருற மாதிரி. சேந்தா தள்ளி நிக்கணும்."

அவன் நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்தவன். வெடிமருந்து ரூமுக்குள் போகிறவன் முதலில் வெளியே ஓடும் வாசலைத்தான் பார்க்க வேண்டும் என்பது அவன் பாடம். டாலருக்கும் அதையே வைத்தான். விலை எதுவரை ஏறினால் நட்டத்தோடு வெளியே வந்துவிடுவது என்ற எண்ணுக்கு ஸ்டாப் என்று பெயர். புரோக்கர் ஆபீஸில் அந்தத் திரைக்குப் பக்கத்தில், கனகசபாபதி அச்சடித்த தினசரிக் காலண்டர் தொங்கும். அன்றைய தாளில் முதலில் ஸ்டாப்பை எழுதுவான், பிறகுதான் விற்பான், விற்ற விலையைக் கீழே குறிப்பான். கணக்கை முடித்து வெளியே வரும்வரை தாளைக் கிழிக்கக் கூடாது. ஊருக்கெல்லாம் வெள்ளிக்கிழமையாக இருக்கும்போது அந்தச் சுவரில் மட்டும் சில சமயம் புதன்கிழமை இருக்கும்.

செய்தி வந்த அந்தச் செவ்வாய்க்கிழமை, ஆடிப்பெருக்குக்கு மறுநாள். முதல் நாள்தான் புதுக் காலண்டர் மாதிரிப் படங்களின் ஆல்பத்துக்குப் பூஜை போட்டிருந்தார்கள். விருதுநகர் மொத்த வியாபாரி ஒருவருக்கு ஊர்க்காவலன் அதைக் கொண்டுபோக வேண்டும். அவன் தாளில் "ஸ்டாப் =" என்று எழுதிவிட்டு, பேனா முனையால் பல்லைத் தட்டிக்கொண்டு யோசித்தான். விலை நழுவத் தொடங்கியிருந்தது.

"ஏலே மாப்ள, விலை ஓடுதுல்லா, வித்துப் போடு. மத்தத வந்து எழுதிக்கிடலாம். பஸ்ஸும் போயிரும்" என்றார் கனகசபாபதி.

"கதவில்லாத ரூமுக்குள்ள தள்ளுறீகளே அத்தான்" என்று சிரித்தான். இருபது லாட், அதாவது இருபதாயிரம் டாலர், விற்றான். 47.60 என்று கீழே குறித்தான். ஆல்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினான்.

புதன்கிழமை ஊர்க்காவலனை எரித்த சுடுகாட்டில் செல்லப்பாண்டியிடமிருந்து இரண்டு முறை போன் வந்தது. கனகசபாபதி எடுக்கவில்லை. வியாழக்கிழமை, ஊர்க்காவலன் மனைவி குருவம்மாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் நின்றாள்.

"அங்கன ஏதும் எழுதி வச்சிருந்தாகளா அண்ணே?"

"இருக்கு தாயி" என்றார். பாதிப் பணம் இப்போது அவளுடையது. அது இன்னும் திரைக்குள்தான் கிடந்தது.

வெள்ளிக்கிழமை புரோக்கர் ஆபீஸுக்குப் போனார். டாலர் ஏறியிருந்தது. திரையின் அடியில் சூட்டுமானி மாதிரி இன்னொரு கோடு ஓடும். அது எழுபதைத் தாண்டினால் விலை கொதித்துவிட்டது, இனி ஆறும் என்று ஊர்க்காவலன் சொன்னது நினைவிருந்தது. அது எழுபத்திரண்டில் நின்றது. அப்படியானால் இருக்கலாம். மேலே சிவப்புக் கோடு நீலத்தைத் தொட நெருங்கிக்கொண்டிருந்தது. அப்படியானால் ஓட வேண்டும். இரண்டும் அவன் சொன்னதுதான். எதை எப்போது நம்புவது என்று அவன் சொல்லியிருப்பானோ, டீ சொல்லப் போன நேரத்தில் சொன்னானோ, இவருக்குப் பிடிபடவில்லை. அவன் மனதிலிருந்த எண் 47.80 ஆக இருக்குமா, 47.90 ஆ? அதையும் தாண்டியாயிற்றா? தாளை விளக்கில் தூக்கிப் பார்த்தார். சமக்குறிக்கு அப்பால் பேனா அழுத்தம்கூட இல்லை.

"எங்கன வெளிய வரணும்னு சொல்லுங்க அண்ணாச்சி" என்றார் செல்லப்பாண்டி. "நாப்பத்தெட்டத் தொடப்போகுது."

கனகசபாபதி ஒரு கண்ணை மூடினார். கோடுகள் சேர்ந்தன. பழைய குளிர்ச்சி ஒரு கணம் நெஞ்சுக்குள் இறங்கியது. அது இறங்கியதுதான் அவரைப் பயமுறுத்தியது.

"முடிச்சிரு செல்லப்பாண்டி. இப்பவே."

எவ்வளவு மிஞ்சியது என்று செல்லப்பாண்டி சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. சீட்டில் எழுதித் தரச் சொல்லி, குருவம்மாளிடம் கொடுப்பதற்காகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு காலண்டருக்கு முன்னால் போய் நின்று பேனாவைத் திறந்தார். முனையைத் தாளுக்கு அருகே கொண்டுபோனார். எழுதாமலே மூடினார்.

இப்போது ஐப்பசி. அச்சகத்தில் 2010 காலண்டர் இரவு பகலாக ஓடுகிறது. புரோக்கர் ஆபீஸ் சுவரில் ஆடிச் செவ்வாய் தொங்குகிறது. கணக்கு முடிந்த தாள், கிழித்திருக்க வேண்டியது. கிழிக்கப் போனவர்களின் கையை அவர் தட்டிவிட்டிருக்கிறார். ஸ்டாப் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் சமக்குறி இருக்கிறது. அதற்கு அப்பால் எண் எழுதப்படவில்லை.