தொந்தியப்பனைத் தேடி வந்தவர்

போன செவ்வாய்க்கிழமை வரைக்கும் எனக்கு அந்த டிவி நாடகம் வெறும் சிரிப்புத்தான்.

'டிடெக்டிவ் தொந்தியப்பன்' என்று ஒரு புதுத் தொடர். முதல் எபிசோட் ஞாயிறு மாலை போனது. தொந்தியப்பனாக நடிப்பவன் என் நண்பன் ஞானம். கண்டியில் ஒரு புடவைக் கடையில் சேல்ஸ்மேன். மேடை நாடகம், மேடை நாடகம் என்று அலைந்து வயதைத் தொலைத்தவனுக்கு ஒருவழியாக டிவியில் முகம் காட்ட வாய்த்திருக்கிறது. பார்க்காமல் இருக்க முடியுமா?

கதை இதுதான். ஒருத்தியின் புருஷனைக் காணவில்லை. தொந்தியப்பன் வந்து, "கடைசியா என்ன சாப்பிட்டார்? என்ன சட்டை போட்டிருந்தார்? போகும்போது திரும்பிப் பார்த்தாரா?" என்று குடைந்து குடைந்து கேட்கிறார். கேள்விக்கொரு தடவை கதிரையிலிருந்து சரிந்து விழுகிறார். கடைசியில் பார்த்தால், மாமியார் வருகிறாள் என்ற பயத்தில் அந்த மனுஷன் வீட்டு அலுமாரிக்குள்ளேயே ஒளிந்திருக்கிறான்! எங்கள் வீட்டில் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

செவ்வாய்க்கிழமை, ஞானத்தைப் பாராட்டிவிட்டு வரலாம் என்று கடைக்குப் போனேன். விடாத மழை. வியாபாரம் இல்லை. நனைந்த குடையோடு ஓர் அம்மா மட்டும் நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். பெயர் பாக்கியம். மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்திருந்தார்.

"வாங்கம்மா, சாரியா, சீத்தைத் துணியா?" என்றான் ஞானம்.

"ஒண்ணும் வேணாங்க ஐயா. ஒங்களத்தான் பாக்க வந்தேன். நாடகத்துல வந்தது நீங்கதானே? இந்தக் கடையில இருக்கீங்கன்னு எங்க தோட்டத்துல சொன்னாங்க."

ரசிகை! ஞானத்துக்கு முகமெல்லாம் பல்.

"எங்க வீட்டுக்காரரையும் காணோங்க" என்றார் அந்த அம்மா.

நாட்டில் சண்டை நடந்த காலத்தில் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தவராம். தீபாவளிக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போனவர், கடைக்குப் போய்ச் சேரவில்லை. ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. அப்போது தவழ்ந்துகொண்டிருந்த மகளுக்கு இப்போது பிள்ளை இருக்கிறது.

ஞானம் திணறிப்போனான். "அம்மா... அது சும்மா நடிப்பு. நான் இங்க துணி விக்கிறவன்மா."

"தெரியாதா ஐயா? நான் என்ன சின்னப் புள்ளையா?" என்றார். "போன எடத்துல எல்லாம் பேரு, ஐடி நம்பரு, அதத்தான் கேட்டாங்க. எழுதிக்கிட்டு அனுப்பிட்டாங்க. என்ன சாப்பிட்டாரு, திரும்பிப் பாத்தாரான்னு எங்கிட்ட ஒருத்தரும் கேக்கல. நீங்க அந்தப் பொம்பளக்கிட்ட கேட்டீங்கல்ல... எங்கிட்டயும் ஒருக்கா கேளுங்களேன்."

நான் தெருவைப் பார்த்தேன்.

ஞானம் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்தான். தானும் எதிரே உட்கார்ந்தான்.

"கடைசியா என்னம்மா சாப்பிட்டாரு?"

"ரொட்டியும் சம்பலும். ஒரைப்புக் கூடிப்போச்சுன்னு என்னய ஏசினாரு."

"என்ன சட்டை?"

"ஊதாக் கட்டம் போட்டது. ஒரு பொத்தான் இல்ல. தச்சுத் தாறேன்னேன். பஸ்ஸு போயிரும்னுட்டாரு."

மூன்றாவது கேள்வி ஞானத்தின் வாயிலிருந்து வரவில்லை. அந்த அம்மாவே சொன்னார்.

"திரும்பிப் பாக்கலங்க. மழை. தலையில சாக்கப் போட்டுக்கிட்டு ஓடினாரு."

அப்புறம்தான் அழுதார் – சத்தமே இல்லாமல். நான் போய்த் தேத்தண்ணி வாங்கி வந்தேன். வேறென்ன செய்யத் தெரியும் எனக்கு?

ஏதாவது துப்புக் கிடைத்ததா என்று கேட்பீர்கள். இல்லை. கிடைக்காது என்று எங்கள் மூன்று பேருக்குமே தெரியும். 'காணாமற்போனவர்கள்' என்று எவ்வளவு லேசாகச் சொல்லிவிடுகிறோம்... அந்தச் சொல்லுக்குள் தைக்காமல் விட்ட ஒரு பொத்தான் இருப்பதை யார் நினைத்துப் பார்க்கிறோம்?

மழை குறைந்ததும் பஸ் ஸ்டாண்ட் வரை கூடவே போனோம். ஏறப் போனவர் நின்று கேட்டார்.

"அடுத்த கெழமையும் வருமாங்க, நாடகம்?"

"வரும்மா."

"அதுல யாரத் தேடுறீங்க?"

ஞானம் தயங்கினான். "ஒரு பணக்கார வீட்டுப் பூனைய."

"அது கெடைச்சிருமா?"

தலையை மட்டும் ஆட்டினான்.

பூனைகள் கிடைத்துவிடுகின்றன.